டிரையருக்குள் எரியும் பல்பை நாமே மாற்றலாமா?

ஹூஸ்டனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். துணி காயவைக்கும் டிரையரின் கதவைத் திறந்தால் உள்ளே எரியும் சின்ன பல்பு போய்விட்டது. கடையில் விற்கும் நைட் லேம்ப் பல்பு பார்க்க அச்சு அசலாக அதே மாதிரி இருக்கிறது, அதைப் போடலாமா, இல்லை எல்.இ.டி. வாங்குவது நல்லதா என்பது கேள்வி. ஆள் வந்து பார்ப்பதற்கே நூறு டாலருக்கு மேல் கேட்கிறார்கள் என்பது கவலை. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "மெஷினை ஆஃப் செய்துவிட்டுத்தான் கழற்றுவேன், ஷாக் அடிக்காது இல்லையா?" எந்த பல்பு என்பதைவிட இந்த வரிக்குத்தான் முதலில் பதில் வேண்டும். தவறான பல்பு வாங்கினால் நாலைந்து டாலர் போகும், அவ்வளவுதான். இந்த வரியில் இருக்கும் நம்பிக்கையோடு ஹோல்டருக்குள் விரலை விட்டால் உயிருக்கே ஆபத்து.

நியூ ஜெர்சியில் வாஷர், டிரையர், சமையல் அவன் ரிப்பேர் செய்யும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்கும் டிரையர்களைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். ஐரோப்பிய மெஷின்கள் என் கைக்கு வந்தது குறைவு, அதனால் அவற்றைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்வேன். நீங்கள் மாடல் எண் கொடுக்கவில்லை. ஆகவே எல்லா மெஷினுக்கும் பொருந்துவது எது, மாடலுக்கு மாடல் மாறுவது எது என்று பிரித்தே எழுதுகிறேன்.

பல்பை நீங்களே மாற்றலாம். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்த யாரும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிக்கக்கூடிய வேலை. ஆனால் பட்டனில் ஆஃப் செய்வது போதாது. காரணம் கதவு ஸ்விட்சில் இருக்கிறது. டிரையரின் கதவை மூடும்போது ஒரு சின்ன ஸ்விட்ச் அமுங்குகிறது. பெரும்பாலான மெஷின்களில் அந்த ஒரே ஸ்விட்ச் இரண்டு வேலை செய்கிறது. கதவு மூடியிருந்தால் மோட்டாருக்குப் போகும் பாதையைச் சேர்த்து, பல்பின் பாதையைத் துண்டிக்கும். கதவு திறந்தால் மோட்டாரை நிறுத்திவிட்டு பல்புக்கு மின்சாரம் கொடுக்கும். அதாவது கதவு திறந்து, துணி சுற்றும் டிரம் அசையாமல், மெஷின் தூங்குவது போல இருக்கும் அந்த நேரத்தில்தான் பல்பு ஹோல்டரில் 120 வோல்ட் நிற்கிறது. நீங்கள் ஆஃப் செய்தாலும் செய்யாவிட்டாலும் நிற்கிறது. பல்பு ஃபியூஸ் ஆனதால் வெளிச்சம் இல்லை, வெளிச்சம் இல்லாததால் கரண்ட்டும் இல்லை என்று மனம் நினைத்துக்கொள்கிறது. இந்த வேலையில் உள்ள ஆபத்து முழுக்க இதுதான்.

ஹோல்டரில் சுற்றியிருக்கும் மரை பாகம் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் பாதை), நடுவில் உள்ள சின்னத் தகடுதான் கரண்ட் என்று சிலர் சொல்வார்கள். முறைப்படி அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் பழைய வீட்டில் சுவர் பிளக்கில் வயர் மாறியிருந்தாலோ, யாராவது முன்பு ரிப்பேர் செய்தபோது மாற்றிக் கொடுத்திருந்தாலோ மரையே கரண்ட்டாக இருக்கும். பல்பைத் திருகும்போது விரல் படுவது அந்த மரையில்தான். டிரம்மும் மெஷின் உடம்பும் இரும்பு. ஒரு கை மரையில், இன்னொரு கை டிரம்மில் என்றால் ஷாக் நெஞ்சு வழியாகப் போகும்.

எனவே முதல் வேலை பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குவது. எலக்ட்ரிக் டிரையரின் 240 வோல்ட் பிளக் பெரியது, இறுக்கமானது. வயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கின் உடலைப் பிடித்து அசைத்து எடுக்க வேண்டும். கேஸ் டிரையர் என்றால் சாதாரண 120 வோல்ட் பிளக்தான் இருக்கும். ஆனால் பின்னால் கேஸ் குழாய் இருப்பதால் மெஷினை முரட்டுத்தனமாக முன்னே இழுக்கக் கூடாது. மெஷின் அலமாரிக்குள் நெருக்கமாக இருந்தாலோ, வாஷர் மேல் டிரையர் அடுக்கியிருந்தாலோ இழுக்கவே வேண்டாம். வீட்டின் மின் பேனலுக்குப் போய் டிரையரின் பிரேக்கரை (மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்சை) இறக்குங்கள். எலக்ட்ரிக் டிரையருக்கு வழக்கமாக 30 ஆம்ப் இரட்டை பிரேக்கர் இருக்கும். கேஸ் டிரையர் லாண்டரி அறையின் 120 வோல்ட் சர்க்யூட்டில் இருக்கும். பேனலில் எழுதியிருக்கும் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். பிரேக்கரை இறக்கிய பிறகு டிரையரின் கதவை மூடி ஸ்டார்ட் அழுத்திப் பாருங்கள். டிரம் சுற்றினால் நீங்கள் இறக்கியது வேறு ஏதோ ஒன்று. பழைய வீடுகளில் இரண்டு தனித்தனி ஃபியூஸ் இருந்து ஒன்றை மட்டும் எடுத்தாலும் இப்படி நடக்கும்: சூடு வராது, ஆனால் டிரம் சுற்றும், பல்புக்கும் மின்சாரம் இருக்கும். எலக்ட்ரிக் டிரையரில் ஹீட்டருக்குத்தான் 240, மோட்டாரும் பல்பும் ஓடுவது 120 வோல்ட்டில். கையில் வோல்ட்டேஜ் டெஸ்டர் இருந்தால், முதலில் வேலை செய்யும் ஒரு பிளக்கில் வைத்து டெஸ்டர் சரியா என்று பார்த்துவிட்டு, பல்பின் மேல் உள்ள மூடியைக் கழற்றியதும் ஹோல்டர் அருகே பிடித்துப் பாருங்கள்.

கழற்றுவதற்கு முன் இன்னொன்றைப் பார்த்துவிடலாம். இப்போது வரும் பல மாடல்களில் டிரம் விளக்குக்கென்று மெஷினின் பட்டன் பேனலில் தனி பட்டன் இருக்கிறது. சிலவற்றில் கதவைத் திறந்து சில நிமிடம் விட்டால் விளக்கு தானாக அணைந்துவிடும். பல்பு போய்விட்டது என்று கூப்பிட்ட வீட்டில் பட்டனை அழுத்தியதும் எரிந்த கதை என் வேலையில் புதிதல்ல. கதவை முழுதாக மூடித் திறந்து, அந்த பட்டன் இருந்தால் அதையும் அழுத்திப் பாருங்கள். உள்ளே பார்த்தால் திருகும் பல்பே இல்லாமல், வெண்மையான ஒளியோடு தட்டையான கண்ணாடி மட்டும் தெரிந்தால் அது கம்பெனியிலேயே வந்த எல்.இ.டி. அதில் பல்பு மட்டும் தனியாக மாற்ற முடியாது, முழு விளக்குப் பகுதியாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். அந்த வகையாக இருந்தால் கீழே நான் எழுதுவதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

சரி, எந்த பல்பு? அமெரிக்க டிரையர்களில் மிகப் பரவலாக இருப்பது 120 வோல்ட், 10 வாட், இ12 அடிப்பாகம் கொண்ட சின்ன இழை பல்பு. இ12 என்றால் திருகும் பாகம் 12 மில்லிமீட்டர் அகலம். பல்பின் வடிவத்தை சி7 என்பார்கள். நைட் லேம்பில் போடும் பல்பும் அதே சி7, அதே இ12. அதனால்தான் உங்களுக்கு அச்சு அசலாகத் தெரிந்தது. நைட் லேம்ப் பல்பு பொதுவாக 4 அல்லது 7 வாட். அதைப் போட்டால் எரியும், வாட் குறைவாக இருப்பதால் சூட்டினால் ஆபத்தும் இல்லை. வெளிச்சம் மங்கலாக இருக்கும். என் அனுபவத்தில் அது சீக்கிரம் போய்விடுகிறது. ஆடாத சுவரில் எரிவதற்காகச் செய்த இழை, டிரையரின் அதிர்வைத் தாங்குவதில்லை என்பது என் ஊகம். இதை அளந்து பார்த்துச் சொல்லவில்லை. அவசரத்துக்குப் போடலாம். வாங்கும்போதே டிரையருக்கு அல்லது வீட்டு உபயோக மெஷினுக்கு என்று உறையில் எழுதிய 10 வாட் பல்பாக வாங்குவது மேல். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

தலைகீழான தவறுதான் கவலைக்குரியது. கூடுதல் வெளிச்சம் வேண்டும் என்று அதே அடிப்பாகத்தில் 25, 40 வாட் சரவிளக்கு பல்பு கிடைக்கும், அதைப் போடாதீர்கள். மூடிக்குப் பின்னால் உள்ள இடம் சின்னது, காற்றோட்டம் இல்லை. பிளாஸ்டிக் மூடி உருகும், ஹோல்டர் கருகும். சமையல் அவனின் பல்பு சூடு தாங்குமே என்று சிலர் கேட்பார்கள். தாங்கும்தான், ஆனால் இங்கே சாதாரணமாக விற்கும் அவன் பல்பு 40 வாட், அடிப்பாகமும் பெரியது, ஹோல்டரில் ஏறவே ஏறாது. ஃப்ரிட்ஜ் பல்புக்கும் இதே பதில். டிரையர் மாடல்களுக்குள்ளேயே வாட்டும் அடிப்பாகமும் மாறுவது உண்டு. எனவே பழைய பல்பின் தலையிலோ அடியிலோ அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள், அல்லது கதவைத் திறந்ததும் சட்டத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை வைத்து அந்த மாடலுக்கான பல்பைத் தேடுங்கள். பழைய பல்பைக் கையோடு கடைக்கு எடுத்துப் போவது எல்லாவற்றையும்விட எளிது.

எல்.இ.டி. பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள், இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கம்பெனிகளே புது மாடல்களில் எல்.இ.டி. வைக்கும்போது நாம் ஏன் போடக் கூடாது என்பது ஒரு பக்கம். ஆனால் கம்பெனி வைப்பது அந்த இடத்துக்கென்றே செய்த, சூட்டையும் ஈரத்தையும் கணக்கில் எடுத்த விளக்கு. கடையில் வாங்கும் சாதாரண எல்.இ.டி. பல்புக்குள் சின்ன மின்னணுப் பலகை இருக்கிறது. முழுதாக மூடிய விளக்குக்குள் போட வேண்டாம் என்று பல பல்புகளின் உறையிலேயே எழுதியிருப்பார்கள். டிரையர் டிரம்முக்குள் வரும் காற்று எளிதாக 60 டிகிரி செல்சியஸைத் தொடும். ஒரு தடவை துணி காயும் முக்கால் மணி நேரமும் பல்பு எரியாவிட்டாலும் அந்தச் சூட்டிலேயே வேகிறது. டிரையருக்கு ஏற்றது என்று சொல்லி இணையத்தில் விற்கும் மலிவான எல்.இ.டி. பல்புகளை சில வீடுகளில் பார்த்திருக்கிறேன். சில ஒழுங்காக எரிகின்றன, சில மின்னி மின்னி அணைகின்றன. எல்லாமே மோசம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அதில் கிடைக்கும் லாபம் என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 வாட் பல்பு ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் எரிந்தால் வருடம் முழுவதற்கும் யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. பத்து சென்ட் கூட மிச்சமாகாத இடத்தில் எல்.இ.டி. எதற்கு? இழை பல்பை ஒழித்துவிட்டார்களே, இனி கிடைக்குமா என்று பயப்படவும் வேண்டாம். 2007-ல் அமெரிக்கா கொண்டுவந்த மின் சிக்கனச் சட்டம், வீட்டு மெஷின்களுக்குள் போடும் 40 வாட் வரையிலான பல்புகளுக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. 2023-ல் சாதாரண இழை பல்புகளின் விற்பனை நின்றபோதும் இந்த விலக்கு தொடர்ந்தது. அதனால்தான் இவை இன்னும் கடையில் இருக்கின்றன.

இப்போது மூடி. இதுதான் மாடலுக்கு மாடல் மாறுவது. வேர்ல்பூல் வகை டிரையர் பலவற்றில் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தால் பின்சுவரில் சின்ன மூடி தெரியும். அதன் கீழ் வலது மூலையில் ஒரு ஸ்க்ரூ. சில மாடலில் பிளஸ் ஸ்க்ரூடிரைவர் போதும், சிலவற்றில் கால் அங்குல நட்டு திருகும் கருவி வேண்டும். அந்த ஸ்க்ரூவை எடுத்தால் மூடி கையோடு வந்துவிடும். ஜி.இ. டிரையர் பலவற்றில் பல்பு இருப்பது முன்பக்கம், கதவு வாசலுக்கு மேலே உள்புறமாக. தலையை உள்ளே விட்டு மேலே திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். ஸ்க்ரூவே இல்லாமல் மூடியைக் கொஞ்சம் அழுத்தித் திருப்பிக் கழற்றும் மாடல்களும் உண்டு. ஸ்க்ரூ தெரியவில்லை என்றால் நெம்ப வேண்டாம், முதலில் மெதுவாக இடப்பக்கம் திருப்பிப் பாருங்கள். பல வருடம் சூட்டில் காய்ந்த பிளாஸ்டிக் சீக்கிரம் உடையும், பல்பைவிட மூடிக்கு விலை அதிகம். டிரம் சூடாக இருந்தால் ஆறும்வரை பொறுங்கள். கழற்றுவதற்கு முன் டிரம் அடியில் ஒரு பழைய துண்டை விரித்துக்கொண்டால், கைதவறி விழும் ஸ்க்ரூ டிரம் ஓட்டை வழியாகப் போகாது.

மூடி வந்ததும் உள்ளே பஞ்சுத்தூசி அடைந்திருக்கும். காய்ந்த பிரஷ்ஷாலோ வேக்குவம் குழாயாலோ எடுத்துவிடுங்கள். ஈரத்துணி ஹோல்டர் பக்கம் போகக் கூடாது. பல்பை இடப்பக்கம் திருகி எடுத்து, புதியதை விரலால் பிடித்து இறுகும்வரை மட்டும் திருகுங்கள், அதற்கு மேல் முறுக்க வேண்டாம். பிறகு மூடியைப் போட்டு ஸ்க்ரூவை இறுக்குங்கள். மூடி உடைந்துவிட்டது, புதுசு வர ஒரு வாரம் ஆகும், அதுவரை சும்மா ஓட்டலாமா என்று கேட்பவர்கள் அதிகம். ஓட்டாதீர்கள். சுற்றும் ஜீன்ஸின் பித்தளை பட்டன் ஒன்று பட்டாலே பல்பு நொறுங்கும், கண்ணாடித் தூள் துணியில் ஏறும். மின் ஹோல்டரும் பஞ்சுத்தூசியும் நேருக்கு நேர் இருப்பது நல்லதல்ல. 2008 முதல் 2010 வரையிலான கணக்கை வைத்து அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் சொன்னது, வருடத்துக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள் என்று. அவற்றில் முதல் காரணம் டிரையரைச் சுத்தம் செய்யாமல் விட்டது.

பல்பின் கண்ணாடி உடைந்து அடிப்பாகம் மட்டும் ஹோல்டரில் மாட்டிக்கொண்டால், கனமான கையுறை போட்டு, மெல்லிய மூக்கு பிளையரால் உலோக விளிம்பைப் பிடித்து இடப்பக்கம் திருகி எடுக்கலாம். பிளக் பிடுங்கியிருப்பதை இன்னொரு முறை பார்த்துவிட்டுச் செய்யுங்கள். உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி அழுத்தித் திருகும் வழியைப் பலர் சொல்வார்கள். வேலை செய்யும்தான், ஆனால் ஈரமும் மாவும் ஹோல்டருக்குள் தங்கி அரிக்கும், எனக்கு அது பிடிக்காது. பிறகு டிரம்மை வேக்குவம் செய்து, வடிகட்டியையும் சுத்தம் செய்து, முதல் தடவை ஒரு பழைய துண்டை மட்டும் போட்டு ஓட்டி அதைக் குப்பையில் போட்டுவிடுங்கள். கைக்குழந்தை துணி காயும் வீடு என்றால் இதைத் தவிர்க்கவே வேண்டாம்.

புது பல்பும் எரியவில்லை என்றால்? மல்டிமீட்டர் இருந்தால் பல்பையே முதலில் சோதியுங்கள். 10 வாட் பல்பு எரியாமல் குளிர்ந்திருக்கும்போது சுமார் நூறு ஓம் அளவில் காட்டும், அறுந்திருந்தால் எதுவும் காட்டாது. பல்பு நல்லது, டிரையரும் வழக்கம்போல ஓடுகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது கதவு ஸ்விட்சை. அதில் மோட்டார் பக்கம் நன்றாக இருந்து பல்பு பக்கம் மட்டும் தேய்ந்து போவது உண்டு. அடுத்தது ஹோல்டரில் உள்ள நடுத்தகடு அமுங்கியிருப்பது, அதன்பின் வயர் கழன்றிருப்பது. மின்னணுப் பலகை விளக்கை இயக்கும் புது மாடல்களில் பலகையும் காரணமாகலாம். அதை நேரில் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. ஸ்விட்சை மாற்ற மெஷினின் மேல்மூடியையோ முன்பக்கத்தையோ திறக்க வேண்டியிருக்கும். பழக்கமில்லை என்றால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். விளக்கு இல்லாமலும் டிரையர் துணியைக் காயவைக்கும், இதற்காக அவசரப்பட வேண்டியதில்லை. வாடகை வீடு என்றால் கழற்றவே வேண்டாம், வீட்டுக்காரருக்கோ குடியிருப்பு அலுவலகத்துக்கோ சொல்லுங்கள், அது அவர்கள் மெஷின்.

சில மாதத்துக்கு ஒரு முறை பல்பு போய்க்கொண்டே இருக்கிறது என்றால் விஷயம் வேறு. டிரம்மைத் தாங்கும் உருளைகள் தேய்ந்து மெஷின் தடதடவென்று ஆடினால் இழை அறும். அது சத்தத்திலேயே தெரியும். சத்தம் இல்லாமல் பல்பு மட்டும் போனால், டிரையர் ஓடும்போது வீட்டின் மற்ற விளக்குகளைக் கவனியுங்கள். சில விளக்குகள் மங்கி, வேறு சில வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிந்தால் வீட்டுக்கு வரும் நியூட்ரல் வயர் எங்கோ தளர்ந்திருக்கிறது என்று பொருள். அப்போது 120 வோல்ட் சாமான்கள் சிலவற்றுக்கு அதிக வோல்ட்டேஜ் போகிறது. அது டிரையர் ரிப்பேர்காரரின் வேலை அல்ல, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனையோ மின் கம்பெனியையோ அன்றைக்கே கூப்பிட வேண்டிய விஷயம். உங்கள் டிரையர் பிளக்கில் மூன்று கம்பிதான் இருக்கிறது என்றால் இன்னும் கவனம் வேண்டும். 1996-க்குப் பிந்தைய மின்விதிப்படி புதிதாகப் போடும் டிரையர் இணைப்புக்கு நான்கு கம்பி வேண்டும். அதற்கு முந்தைய மூன்று கம்பி இணைப்பில் மெஷினின் உடம்பையே நியூட்ரலோடு சேர்த்திருப்பார்கள். அந்த நியூட்ரல் தளர்ந்தால் மெஷின் உடம்பில் கரண்ட் ஏறும். தொட்டால் சுள்ளென்று இருந்தால் பல்பைப் பற்றி யோசிக்காமல் பிரேக்கரை இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட். இங்கிருந்து 120 வோல்ட் பல்பைப் பெட்டியில் வைத்து அனுப்பச் சொல்லாதீர்கள், போட்ட நொடியே போய்விடும், கண்ணாடி வெடிக்கவும் கூடும். 230 வோல்ட் மெஷின்களில், திருகும் பல்பு வைத்த வகையாக இருந்தால், பெரும்பாலும் இ14 அடிப்பாகம். வாட் எவ்வளவு என்பதை அந்த மெஷினின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் டிரையரின் மாடல் எண்ணையும், பழைய பல்பில் அச்சிட்டிருப்பதையும், கதவு மூடியபின் மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா என்பதையும் எழுதுங்கள். மூடி எந்தப் பக்கம் இருக்கும், எந்த பல்பு வாங்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பிளக்கைப் பிடுங்காமல் அந்த மூடியில் கை வைக்காதீர்கள்.